ஹீட் பம்ப் மானியம்: இபிசி 'இ' என்றால் கிடைக்காதா?

மார்கழிப்பனி
2025 ஜனவரி 11

எல்லோருக்கும் வணக்கம். நான் ஹரோவில் இருக்கிறேன். 1930களில் கட்டிய செமி வீடு, மூன்று படுக்கையறை, 2014 தொடக்கத்தில் வாங்கினோம். எங்கள் கேஸ் பாய்லருக்கு வயது 17. போன கிழமை இரண்டு தரம் நின்றுவிட்டது. அம்மாவுக்கு 78 வயது, முழங்காலில் வாதம். அந்த இரண்டு இரவும் நாலு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார். திரும்பவும் கேஸ் பாய்லருக்கே காசு போடாமல் ஹீட் பம்ப்புக்கு (வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்கும் மின்கருவி) மாறலாம் என்று யோசித்தோம். அரசாங்கம் 7,500 பவுண் தருகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

வீடு வாங்கும்போது வந்த இபிசியை, அதாவது வீட்டுக்கு 'ஏ' முதல் 'ஜி' வரை கிரேட் போடும் எனர்ஜி சர்டிஃபிகேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 'இ' கிரேட், 51 புள்ளி. கேவிட்டி சுவருக்குள் (நடுவில் இடைவெளி விட்ட இரட்டைச் சுவர்) சூட்டை வெளியே விடாத இன்சுலேஷன் அடிக்க வேண்டும், லாஃப்டிலும் (கூரைக்கு அடியில் உள்ள பரண்) கூட்ட வேண்டும் என்று இரண்டு பரிந்துரை இருக்கிறது.

வியாழக்கிழமை ஒரு கம்பனி ஆள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். "மானியம் வேண்டுமென்றால் வீடு 'சி' ஆக இருக்க வேண்டும். சுவரையும் லாஃப்டையும் நாங்கள் செய்து தருகிறோம், 4,200 பவுண். இன்றைக்கே 500 கட்டினால் மானியத்துக்கு உங்கள் பெயரைப் பதிந்துவிடலாம்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். நான் வேலையில் நின்றேன். அம்மா வங்கி அட்டையை எடுக்க மேலே போய்விட்டார். நல்ல காலம், பள்ளியால் வந்த மகன் எனக்குப் போன் எடுத்தான்.

உண்மையிலேயே 'சி' வேண்டுமா? விளங்கினவர்கள் ஒருக்கா சொல்லுங்கள்.

செம்பருத்தி
2025 ஜனவரி 11

முதலில், ஒரு பைசா கூடக் கட்டாதீர்கள்.

நான் லெஸ்டரில் இருக்கிறேன், வீடுகளுக்கு இபிசி எடுத்துத் தருவதுதான் என் வேலை. நீங்கள் சொல்வது பாய்லர் அப்கிரேட் ஸ்கீம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது, 2022இல் தொடங்கியது, ஆஃப்ஜெம் என்ற எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு நடத்துகிறது. அதில் 'சி', 'டி' என்று எந்த எழுத்துத் தகுதியும் கிடையாது. 'ஜி' வீட்டுக்கும் கிடைக்கும். வேண்டியது ஒன்றுதான்: செல்லுபடியாகும் இபிசி, அதாவது பத்து வருடத்துக்குள் எடுத்தது. உங்களுடையது 2014 என்றால் காலாவதி ஆகிவிட்டது. புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். ஊரையும் வீட்டின் அளவையும் பொறுத்து 60 முதல் 120 பவுண்டுக்குள் முடியும்.

அந்த ஆள் சொன்னதில் பழைய உண்மையின் வால் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்பு, சான்றிதழில் லாஃப்ட் அல்லது கேவிட்டி சுவர் பரிந்துரை பாக்கி இருந்தால் மானியம் நின்றுவிடும். அந்த விதியை 2024 மே 8 முதல் எடுத்துவிட்டார்கள். பரிந்துரை இருந்தாலும் இப்போது தடை இல்லை. எழுத்துத் தகுதி அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இன்னொன்று. இந்த மானியத்துக்கு வீட்டுக்காரர் "பெயர் பதியவே" முடியாது. எம்சிஎஸ் என்ற தரச்சான்று பெற்ற பொருத்துநர்தான் உங்கள் சார்பில் விண்ணப்பிப்பார். ஆஃப்ஜெம் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, சம்மதமா என்று கேட்கும். 7,500 பவுண்டு உங்கள் கைக்கு வராது, பில்லில் கழிந்துவிடும். பதிவுக் கட்டணம் என்று எவர் கேட்டாலும் கதவைச் சாத்துங்கள். அம்மாவிடமும் சொல்லி வையுங்கள், அவர்மேல் கோபப்படாமல்.

மார்கழிப்பனி
2025 ஜனவரி 12

நன்றி அக்கா. இதை வாசித்துவிட்டுத்தான் இரவு நித்திரையே வந்தது. அம்மாவிடம் கதைத்தேன். "அந்தப் பிள்ளை நல்ல மரியாதையாகத்தானே கதைத்தது" என்கிறார்.

கொல்லிமலை
2025 ஜனவரி 12

விதி மாறியது எல்லோருக்கும் நல்லது என்பதுபோல் பேசுகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

வால்தம்ஸ்டோவில் எங்களுடையது விக்டோரியா காலத்து வரிசை வீடு. 2023 கோடையில் மானியம் கேட்டோம், அப்போது 5,000தான். லாஃப்டில் 100 மில்லிமீட்டர் பஞ்சுதான் இருந்ததால் சான்றிதழில் பரிந்துரை வந்துவிட்டது. 270 மில்லிமீட்டராக ஏற்றி, மறுபடி இபிசி எடுத்து, அப்புறம்தான் மானியத்தை உறுதி செய்யும் வவுச்சர் வந்தது. ஆறு வாரம் போனது. அந்த அக்டோபரில் மானியத்தை 7,500 ஆக்கினார்கள், எங்களுக்கு அது கிடைக்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது.

ஆனாலும் சொல்கிறேன், அந்த லாஃப்ட் வேலை எங்களுக்கு நல்லதைத்தான் செய்தது. மாடி அறையில் முன்பு அதிகாலை நான்கு மணிக்கெல்லாம் மூக்கு உறைந்துவிடும், இப்போது இல்லை. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதற்கு அரசு ஏன் மானியம் தர வேண்டும்? முதலில் ஓட்டையை அடை, அப்புறம் பானையை நிரப்பு என்ற விதி சரியானதுதான்.

செம்பருத்தி
2025 ஜனவரி 12

கொல்லிமலை அண்ணா, லாஃப்டைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அவ்வளவு மலிவாக வீட்டைச் சூடாக்கும் வேலைகள் அதிகம் இல்லை. ஆனால் அந்த விதி ஓட்டையைப் பார்க்கவில்லை, காகிதத்தைத்தான் பார்த்தது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தொழிலின் உள்விஷயம் இது.

நான் ஒரு வீட்டுக்குப் போனால் முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம் இருப்பேன். அறைகளை அளப்பேன், லாஃப்டில் தலையை நீட்டிப் பஞ்சின் கனத்தைப் பார்ப்பேன், பாய்லர் மாடலைக் குறிப்பேன். சுவரைத் துளைக்க எனக்கு அனுமதி இல்லை. கேவிட்டிக்குள் ஏற்கெனவே இன்சுலேஷன் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. வெளியே துளைத்து அடைத்த அடையாளம் இருக்க வேண்டும், இல்லையென்றால் காகிதச் சான்று வேண்டும். இரண்டும் இல்லை என்றால் வீடு கட்டிய காலத்தை வைத்து மென்பொருள் தானாக ஒரு முடிவுக்கு வரும். 1930களின் வீடு என்றால் "கேவிட்டி சுவர், கட்டியபடியே, இன்சுலேஷன் இல்லை, அனுமானம்" என்று அச்சாகும். அந்தக் கடைசிச் சொல்லை யாரும் வாசிப்பதில்லை.

அந்த அனுமானத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்துக்கு மானியத்தை மறுப்பது சரியா? ஏற்கெனவே நிரப்பிய சுவரை நிரப்பச் சொல்லி நிறுத்திவைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மழைச்சாரல் நேராக அடிக்கும் சுவரில் போடவே கூடாத இடத்திலும் பரிந்துரை வரும், போட்டால் உள்ளே ஈரம் பூத்துவிடும்.

மார்கழிப்பனி, நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் வெளியே போய்ச் செங்கல் தெரியும் இடத்தில் பாருங்கள். செங்கல்லுக்கு நடுவே உள்ள சாந்தில், ஒரு நாணயம் அளவுக்கு வட்ட வட்டமாக, வேறு நிறச் சாந்தால் அடைத்த தடங்கள் வரிசையாக இருக்கின்றனவா?

வெப்பமானி
2025 ஜனவரி 13

ரெடிங்கில் ஹீட் பம்ப் போடும் வேலையில் இருக்கிறேன். கேஸ் பாய்லரோடு இருபது வருடம், அதன்பின் இது.

தங்கச்சி, இபிசி எழுத்தை மானியக் கதவைத் திறக்கும் சாவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் ஹீட் பம்ப் வேண்டும், ரேடியேட்டர் போதுமா என்பதற்கு அது பதில் சொல்லாது. அதற்கு அறை அறையாக வெப்ப இழப்புக் கணக்குப் போட வேண்டும். நல்ல பொருத்துநர் ஒவ்வொரு சுவரையும் ஜன்னலையும் அளப்பார், அதற்கு அரை நாள் போகும். அளக்காமல் போனிலேயே "உங்களுக்கு 12 கிலோவாட்" என்பவரை விட்டுவிடுங்கள். பெரிதாகப் போட்டால் பம்ப் விட்டு விட்டு ஓடி மின்சாரத்தைத் தின்னும்.

நீங்களே செய்யக்கூடிய இரண்டு சோதனை சொல்கிறேன். முதலாவது, வருடத்துக்கு எவ்வளவு கேஸ் எரித்தீர்கள் என்று பில்லில் பாருங்கள். அந்தக் கிலோவாட் மணியை 2,900ஆல் வகுத்தால் வருவது ஏறக்குறைய உங்களுக்கு வேண்டிய பம்ப்பின் கிலோவாட். கைக்கணக்குதான், ஆனால் யாராவது இரட்டிப்பாகச் சொன்னால் கேள்வி கேட்க உதவும்.

இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. பாய்லர் இப்போது ஓடுகிறதென்றால், ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 50 டிகிரிக்கு இறக்குங்கள். பலர் வீட்டில் அது 70, 75இல் நிற்கும். வெளியே நல்ல குளிர் அடிக்கும் நாளில், விட்டு விட்டுப் போடாமல் நாள் முழுக்க ஓடவிடுங்கள். வீடு 20 டிகிரி பிடித்து நின்றால் உங்கள் ரேடியேட்டர்களில் பெரும்பாலானவை ஹீட் பம்ப்புக்குப் போதும். எந்த அறை மட்டும் ஏறவில்லையோ, அந்த அறை ரேடியேட்டரை மட்டும் பெரிதாக்கலாம். காசு செலவில்லாத சோதனை, கேஸும் கொஞ்சம் மிச்சம்.

கொல்லிமலை தம்பிக்கு: ஓட்டைப் பானை உவமை நன்றாக இருக்கிறது. ஆனால் கேஸ் பாய்லர் வைத்தாலும் அதே ஓட்டையில்தான் ஒழுகும். ஹீட் பம்ப் வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுப்பதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, மூன்றரை யூனிட் வெப்பம் தருகிறது. லாஃப்ட் போடட்டும், கதவிடுக்கை அடைக்கட்டும், அதெல்லாம் வேண்டும். ஆனால் "எல்லாம் முடிந்தபிறகு" என்று நின்றால், பழைய பாய்லர் செத்த இரவில் பதற்றத்தில் புதுக் கேஸ் பாய்லரைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் பதினைந்து வருடம் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள். நூற்றுக்கணக்கான வீடுகளில் பார்த்தேன்.

கொல்லிமலை
2025 ஜனவரி 13

கடைசியாகச் சொன்னது உண்மை அண்ணா. எங்கள் மச்சான் வீட்டில் போன டிசம்பரில் அதுதான் நடந்தது. ஆனால் மின்சாரம் ஒரு யூனிட் 24.86 பென்ஸ், கேஸ் 6.34. நாலு மடங்கு. மூன்று யூனிட் வெப்பம் தந்தால் கேஸைவிட அதிகமாகத்தானே பில் வரும்?

வெப்பமானி
2025 ஜனவரி 13

மூன்று என்றால் நஷ்டம், மறைக்க மாட்டேன். ஒரு யூனிட் வெப்பம் 8.3 பென்ஸ் ஆகும். மூன்றரை கிடைத்தால் 7.1. உங்கள் கேஸ் பாய்லர் 88 சதவீதம் திறனோடு ஓடினாலே ஒரு யூனிட் வெப்பம் 7.2 பென்ஸ். அப்போது சரிக்குச் சரி. நான்கு கிடைத்தால் லாபம். மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலான அந்த ஒரு எண்ணைத் தீர்மானிப்பது ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூடு. 55 டிகிரி கேட்டால் குறையும், 40இல் ஓடினால் ஏறும். அதனால்தான் ரேடியேட்டர், வெப்ப இழப்புக் கணக்கு என்று நான் மல்லுக்கட்டுகிறேன். ஹீட் பம்ப்புக்கென்று இரவிலும் மதியத்திலும் மலிவாகத் தரும் கட்டணத் திட்டங்களும் உண்டு.

மார்கழிப்பனி
2025 ஜனவரி 18

அக்கா, தடம் இருக்கிறது!

வீட்டின் கீழ்ப்பாதிதான் செங்கல், மேலே பெபிள்டாஷ் (சிறு கற்கள் பதித்த பூச்சு). இன்று காலை வெயில் சாய்வாக விழுந்தபோது பார்த்தேன், சாந்தில் வெளிறிய வட்டங்கள், ஒரு மீட்டருக்கு ஒன்று. பதினோரு வருடமாக அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் குப்பைத் தொட்டியை வைக்கிறேன், ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. பிறகு வீடு வாங்கியபோது சட்டத்தரணி தந்த கோப்பை முழுதாகக் கிளறினேன். முந்தின சொந்தக்காரர் 2009இல் கேவிட்டி நிரப்பியிருக்கிறார். சிகா என்ற உத்தரவாத அமைப்பின் 25 வருடப் பத்திரம் அதற்குள் கிடக்கிறது. இன்னும் காலம் முடியவில்லை.

என்றால் அந்த ஆள், ஏற்கெனவே நிரப்பிய சுவரை நிரப்பத்தான் எங்கள் அம்மாவிடம் காசு கேட்டிருக்கிறார். 2014இல் வந்த மதிப்பீட்டாளரும் இதைப் பார்க்கவில்லை.

அண்ணை சொன்ன சோதனையும் செய்தேன். கேஸ் வருடத்துக்கு 16,500 கிலோவாட் மணி. வகுத்தால் 5.7. தண்ணீரை 50இல் விட்டபோது கீழே எல்லாம் சரி, அம்மாவின் அறையும் குளியலறையும் 18க்கு மேல் ஏறவில்லை.

செம்பருத்தி
2025 ஜனவரி 18

அந்தப் பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள், மதிப்பீட்டாளர் வாசலில் நிற்கும்போதே கையில் கொடுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். லாஃப்ட் போட்ட பில், ஜன்னல் மாற்றிய சான்று, நீட்டிக் கட்டியிருந்தால் கட்டட ஒப்புதல், எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வையுங்கள். சான்று இருந்தால்தான் நாங்கள் அனுமானத்தை மாற்றி எழுத முடியும்.

வாடகைவீடு
2025 பிப்ரவரி 9

இடையில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். இல்ஃபோர்டில் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். 'டி', 57 புள்ளி. வாடகை வீட்டுக்கும் இந்த மானியம் உண்டா? அப்புறம், ஹீட் பம்ப் போட்டபின் இபிசி புள்ளி இறங்கிவிடும் என்று ஒருவர் சொன்னார். 2030க்குள் வாடகை வீடுகள் 'சி' ஆக வேண்டும் என்று இந்த வாரம் அரசு கலந்தாய்வு வெளியிட்டிருக்கிறதே. புள்ளி இறங்கினால் நான் என்ன செய்வது?

செம்பருத்தி
2025 பிப்ரவரி 9

தனியார் வாடகை வீட்டுக்கும் உண்டு. வீட்டுச் சொந்தக்காரராக இருந்து, பழைய கேஸ், ஆயில் அல்லது நேரடி மின்சூட்டை எடுத்துவிட்டுப் போட்டால் போதும். பழையதை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு கூடவே பம்ப் போடும் ஹைபிரிட் முறைக்குக் கிடையாது.

புள்ளி விஷயம் என்னைப் பல வருடமாக உறுத்துகிறது. சான்றிதழின் பெரிய எழுத்து, இந்த வீட்டைச் சூடாக்க எவ்வளவு செலவாகும் என்பதை வைத்து வருவது. கரியமில வாயு எவ்வளவு குறைகிறது என்பது வேறொரு கணக்கு, அது சான்றிதழில் ஒரு மூலையில் கிடக்கும். மின்சாரம் கேஸைவிட விலை கூடியது என்பதால், கேஸை எடுத்து ஹீட் பம்ப் போட்ட வீடு ஒரு புள்ளிகூட ஏறாமல் நிற்கலாம், சில சமயம் இறங்கவும் செய்யலாம். வீட்டைச் சுத்தமான எரிசக்திக்கு மாற்றியவரை அதே அரசின் சான்றிதழ் தண்டிக்கிறது. இதை மாற்றத்தான் இப்போது இன்னொரு கலந்தாய்வு நடக்கிறது, பிப்ரவரி 26 வரை. சுவர்-கூரையின் தரம், சூடாக்கும் கருவி, செலவு, நேரத்துக்கேற்ப மின்சாரத்தைப் பயன்படுத்தும் வசதி என நான்கு அளவைகளாகப் பிரிக்கலாம் என்கிறார்கள். நான் பதில் அனுப்பிவிட்டேன். நீங்களும் அனுப்புங்கள்.

உங்களுக்கு நேரடி யோசனை: ஹீட் பம்ப் போட்டபின் இபிசி எடுத்தால் அதன் பிராண்டையும் முழு மாடல் எண்ணையும் மதிப்பீட்டாளரிடம் கொடுங்கள். எண் இருந்தால் தரவுத்தளத்திலிருந்து அந்தக் கருவியின் உண்மைத் திறனை எடுப்போம். இல்லையென்றால் மென்பொருள் பொதுவான, மிகக் குறைந்த எண்ணைப் போட்டுவிடும். புள்ளி விழுவதற்குப் பல வீடுகளில் அதுதான் காரணம்.

இப்போதைய சட்டப்படி வாடகை வீட்டுக்குக் குறைந்தபட்சம் 'இ'. நீங்கள் 57, பயம் வேண்டாம்.

கடலோரம்
2025 பிப்ரவரி 10

கிளாஸ்கோவிலிருந்து ஒரு வார்த்தை. ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பொருத்துநரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். இங்கே ஹோம் எனர்ஜி ஸ்காட்லாந்து வழியாக நாமேதான் விண்ணப்பிக்க வேண்டும். 7,500 பவுண்டு மானியம், அதற்குமேல் வேண்டுமென்றால் இன்னொரு 7,500 வட்டியில்லாக் கடன். கிராமம், தீவு என்றால் மானியம் 9,000. சலுகைக் கடிதம் கைக்கு வருமுன் வேலையைத் தொடங்கினால் காசு கிடைக்காது.

மார்கழிப்பனி
2025 பிப்ரவரி 22

புதுச் சான்றிதழ் வந்துவிட்டது. 75 பவுண். சிகா பத்திரத்தைக் கையில் கொடுத்தேன், அவரும் தலையாட்டிவிட்டு வாங்கிப் படம் எடுத்தார். ஆனால் சான்றிதழ் வந்தபோது 'டி' 58, சுவர் பழையபடி "இன்சுலேஷன் இல்லை, அனுமானம்". மறுநாள் மின்னஞ்சல் எழுதினேன், பத்திரத்தைத் திரும்ப இணைத்தேன். மூன்றாம் நாள் திருத்திப் பதிந்தார். 'டி' 65. கேவிட்டி பரிந்துரை போய்விட்டது, லாஃப்ட் மட்டும் நிற்கிறது. மானியத்துக்கு இதில் ஒரு வித்தியாசமும் இல்லை என்று தெரியும். ஆனால் எங்கள் வீட்டைப் பற்றிப் பொய் எழுதின காகிதத்தை விட்டுவைக்க மனம் வரவில்லை.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் அளக்கவே இல்லை. ஒருவர் 11 கிலோவாட் என்றார். மூன்றாமவர் வந்து ஐந்து மணித்தியாலம் நின்று ஒவ்வொரு அறையையும் அளந்தார், வெளியே மைனஸ் 2 டிகிரி என்று வைத்து 6.1 கிலோவாட் என்று கணக்குத் தந்தார். மொத்தம் 12,900, மானியம் கழித்து 5,400. ஐந்து ரேடியேட்டர் மாற்றுவதும் 200 லிட்டர் வெந்நீர்த் தாங்கியும் அதற்குள். வாட் வரி இல்லை.

இரண்டு சிக்கல். எங்கள் பாய்லர் கொம்பி, குழாயைத் திறக்கும்போதே தண்ணீரைச் சூடாக்கித் தரும் வகை, அதனால் வெந்நீர்த் தாங்கி கிடையாது. தாங்கி வைக்க ஒரே இடம் மாடிப்படி மேல் உள்ள அலுமாரி. அது அம்மாவின் சாமி அலுமாரி.

மற்றது பெரிய சிக்கல். பம்ப்பை வைக்கக்கூடிய ஒரே இடம் பக்கவாட்டு ஒழுங்கை. பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து 70 சென்டிமீட்டர்தான் வருகிறது. ஒரு மீட்டர் இல்லாவிட்டால் கவுன்சிலில் திட்ட அனுமதி எடுக்க வேண்டுமாம்.

வெப்பமானி
2025 பிப்ரவரி 23

6.1 சொன்னவரை விடாதீர்கள். உங்கள் 5.7 கைக்கணக்கோடு ஒத்துப்போகிறது பாருங்கள்.

ஒரு மீட்டர் விதியை இங்கிலாந்தில் எடுக்கப்போவதாக அரசு பேசிக்கொண்டிருக்கிறது. பாய்லர் இன்னும் ஓடுமென்றால் கொஞ்சம் பொறுக்கலாம். அதுவரை லாஃப்டை முடித்துவிடுங்கள். வவுச்சரை இப்போதே எடுக்கச் சொல்லாதீர்கள், காற்று ஹீட் பம்ப்புக்கு மூன்று மாதம்தான் அதன் ஆயுள்.

மார்கழிப்பனி
2025 ஜூன் 3

மே 29இல் ஒரு மீட்டர் விதி போய்விட்டது! பம்ப் போடும் சத்தத்தின் கணக்கு மட்டும் சரியாக வர வேண்டும். பக்கத்து வீட்டு ஜன்னல்வரை அளந்து கணக்குப் போட்டார்கள், தேறிவிட்டது. லாஃப்ட் ஏப்ரலில் முடிந்தது, 270 மில்லிமீட்டர். பொருத்துநருக்கு செப்டம்பரில்தான் நாள் இருக்கிறது. ஜூலையில் மானியத்துக்குப் போடுவார்.

செம்பருத்தி
2025 ஜூன் 17

வாழ்த்துகள். ஆஃப்ஜெம் மின்னஞ்சல் குப்பைக் கோப்புறைக்குள் போய்விடுவது வழக்கம், தினமும் பாருங்கள். நீங்கள் சம்மதம் சொன்னால்தான் வவுச்சர் நகரும்.

மற்றவர்களுக்கு ஒரு செய்தி: ஜூன் 15 முதல் இபிசி எடுக்கும் முறையைப் புதுப்பித்திருக்கிறார்கள். இப்போது ஜன்னல்களை ஒவ்வொன்றாக அளக்கிறோம். வருகை கொஞ்சம் நீளும், மதிப்பீட்டாளரை அவசரப்படுத்தாதீர்கள்.

வாடகைவீடு
2025 டிசம்பர் 6

மார்கழிப்பனி, போட்டுவிட்டீர்களா? எப்படி இருக்கிறது? இல்ஃபோர்டு வீட்டுக்கு முடிவெடுக்க வேண்டும்.

மார்கழிப்பனி
2025 டிசம்பர் 7

போட்டாயிற்று, செப்டம்பர் கடைசியில். மூன்று நாள் வேலை. எண்களாகவே சொல்கிறேன். அக்டோபர் 20 முதல் இன்றுவரை ஹீட் பம்ப் எடுத்த மின்சாரம் 780 யூனிட், தந்த வெப்பம் 2,890. ஒன்றுக்கு 3.7 வருகிறது. மின்சாரம் இப்போது 26.35 பென்ஸ், ஆக 206 பவுண். அதே வெப்பத்தைப் பழைய பாய்லரில் எடுத்திருந்தால், 85 சதவீதம் என்று வைத்தால், 3,400 யூனிட் கேஸ், 6.29 பென்ஸ்படி 214 பவுண். வித்தியாசம் 8 பவுண்தான். இதைச் சேமிப்பு என்று சொல்ல மாட்டேன். கேஸ் இணைப்பை வெட்டினால் நாளுக்கு 34 பென்ஸ் நிலைக்கட்டணம் மிஞ்சும். ஆனால் அம்மா புட்டும் தோசையும் நெருப்பில்தான் சுடுவேன் என்கிறார். அதில் நான் கை வைக்கவில்லை.

வீட்டின் சூடு மாறிய விதத்தைத்தான் சொல்ல வேண்டும். முன்பு காலையில் ஒரு மணித்தியாலம் கொதித்துவிட்டு மத்தியானம் உறையும். இப்போது நாள் முழுக்க 20.5. ரேடியேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்புதான், முதல் கிழமை அம்மா "இது வேலை செய்யவில்லை" என்று மூன்று தரம் நிறுத்திவிட்டார். பிறகு சுவரில் உள்ள வெப்பமானியைக் காட்டி விளங்கப்படுத்தினேன். இப்போது காலை எழும்பும்போது முழங்கால் பிடிப்பது குறைவு என்கிறார்.

சாமி அலுமாரிக்குள் தாங்கி போய்விட்டது. சாமிப் படங்களை அம்மாவே முன்னறைக்குக் கொண்டுவந்து, கிழக்குப் பார்த்து வைத்தார். முருகன் படம் மட்டும் தாங்கிக்கு மேல் தட்டிலேயே இருக்கிறது.

அண்ணை, ஒரு கேள்வி. குளியலறை மட்டும் இன்னும் 19ஐத் தாண்டவில்லை. தண்ணீர்ச் சூட்டைக் கூட்டலாமா?

வெப்பமானி
2025 டிசம்பர் 7

கூட்டாதீர்கள். ஒரு குளியலறைக்காக வீடு முழுவதும் சூட்டை ஏற்றினால் அந்த 3.7 இறங்கிவிடும். முதலில் மற்ற அறை ரேடியேட்டர்களின் அடி வால்வைக் கால் சுற்று அடைத்துப் பாருங்கள், தண்ணீர் அந்தப் பக்கம் போகும். ஏறவில்லை என்றால் அந்த டவல் ரேடியேட்டரை எடுத்துவிட்டு இரட்டைத் தகடு ரேடியேட்டர் ஒன்றைப் போடச் சொல்லுங்கள், டவல் ரேடியேட்டர்கள் பார்க்கத்தான் அழகு. ஜனவரியில் உறைபனி விழும் வாரத்தில் எண்களை மறுபடி எழுதுங்கள். வாடகைவீடு தம்பி, இல்ஃபோர்டு வீட்டின் கேஸ் பில்லைக் கொண்டுவாருங்கள், அதிலிருந்து தொடங்குவோம்.